தெரு வளைந்த இடத்தில் சுவரும் வளைந்தது: பழைய பேஸ்பால் மைதானங்களின் தனிக்குணம்

பேஸ்பால் விளையாட்டின் விதிகள் உட்களத்தைப் பொறுத்தவரை அங்குலம் பிசகாதவை. ஓட்டம் எடுக்க ஆட்டக்காரர் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி இருக்க வேண்டும். பந்து எறிபவர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம் இருக்க வேண்டும். நியூயார்க்கில் ஆடினாலும் சின்சினாட்டியில் ஆடினாலும் இந்த அளவுகள் மாறுவதில்லை. உட்களத்தைத் தாண்டி வெளிக்களத்துக்கு வந்துவிட்டால் இந்தக் கறார் தளர்ந்துவிடுகிறது. வெளிக்களம் எவ்வளவு தூரம் நீள வேண்டும், அதன் முடிவில் எழும் சுவர் நேராக இருக்க வேண்டுமா வளைய வேண்டுமா, எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டுமா என்பவையெல்லாம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரும்பாலும் மைதானத்தைக் கட்டியவர்களின் வசதிக்கே விடப்பட்டிருந்தன.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு எல்லைக்கோடு என்பது புல்தரையில் கிடக்கும் ஒரு கயிறு. அதை ஆட்டத்துக்கு ஆட்டம் உள்ளே இழுக்கலாம், வெளியே தள்ளலாம். பேஸ்பாலில் எல்லை என்பது சுவரேதான். சுவரைத் தாண்டிப் பறந்த பந்து ஹோம் ரன் ஆகிறது; மட்டையாளரும் அப்போது முனைகளில் நிற்பவர்களும் ஆளுக்கு ஓர் ஓட்டம் பெறுகிறார்கள். சுவரில் பட்டுத் திரும்பிய பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. சுவருக்கு முன்னால் தரை தொடாமல் பிடிபட்டால் மட்டையாளர் ஆட்டமிழக்கிறார். ஆகவே சுவர் எங்கே நிற்கிறது என்பது ஆட்டத்தின் போக்கையே தீர்மானிக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பழைய மைதானங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொன்னதற்குக் காரணம், அவற்றைச் சூழ்ந்திருந்த தெருக்களும், விற்க மறுத்த வீட்டுக்காரர்களும், மேடு பள்ளமான நிலமும்தான். அவற்றின் அழகை ரசிப்பவர்கள் பலர் இந்தக் காரணங்களைக் கவனிப்பதில்லை. கவனித்தால் அந்த அழகு இன்னும் கூடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அவை கட்டப்பட்ட காலத்தைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க பேஸ்பால் மைதானங்கள் மரத்தால் ஆனவை, அடிக்கடி தீப்பிடித்தன. 1894-ல் பாஸ்டனின் சவுத் எண்ட் கிரவுண்ட்ஸ் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே எரிந்தது. 1911-ல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸின் மர மாடங்கள் சாம்பலாயின. கூட்டமும் பெருகிக்கொண்டிருந்ததால், அணி உரிமையாளர்கள் எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் மாறினார்கள். 1909-ல் பிலடெல்பியாவில் ஷைப் பார்க்கும் பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் திறக்கப்பட்டன. அடுத்த ஆறே ஆண்டுகளுக்குள் சிகாகோ, நியூயார்க், பாஸ்டன், டெட்ராய்ட், சின்சினாட்டி, புரூக்ளின் என்று நகரம் நகரமாகப் புதிய மைதானங்கள் எழுந்தன. இவை பெரும்பாலும் உரிமையாளர்களின் சொந்தப் பணத்தில், ட்ராம் வண்டிகள் வந்து நிற்கும் தூரத்தில், ஏற்கெனவே தெருக்கள் வகுக்கப்பட்டிருந்த நகரப் பகுதிகளில் வாங்கப்பட்ட மனைகளின் மேல் கட்டப்பட்டவை. மனை கோணலாக இருந்தால் மைதானமும் கோணலாக இருந்தது.

அந்தக் கோணலைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1910-களில் பந்து அவ்வளவு தூரம் பறப்பதில்லை. ஒரே பந்து அழுக்கேறி மென்மையாகும்வரை பயன்படுத்தப்பட்டது. சுவரைத் தாண்டி அடிப்பது அரிய நிகழ்ச்சி. பேப் ரூத் 1919-ல் 29 ஹோம் ரன்களும், 1920-ல் 54-ம், 1921-ல் 59-ம் அடித்து அந்த விளையாட்டையே மாற்றிய பிறகுதான், பத்தாண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு தெருவின் வசதிக்காக எழுப்பப்பட்ட சுவர்கள் திடீரென்று ஆட்டத்தின் மையத்துக்கு வந்தன. யாரும் கணக்குப் போட்டு வைக்காத தூரங்கள், சாம்பியன் பட்டங்களைத் தீர்மானிக்கத் தொடங்கின.

இதற்குப் போலோ கிரவுண்ட்ஸைவிடச் சிறந்த சான்று இல்லை. மன்ஹாட்டனின் வடபகுதியில், கூகன்ஸ் பிளஃப் என்னும் பாறைச் சரிவுக்கும் ஹார்லெம் ஆற்றுக்கும் இடையே தாழ்ந்து கிடந்த நிலத்தில், குதிரை லாட வடிவத்தில் அது நின்றது. பெயரில் போலோ இருந்தாலும் அங்கே போலோ ஆடப்பட்டதில்லை. முன்பு வேறிடத்தில் இருந்த மைதானத்தின் பெயரை அணி தன்னோடு எடுத்துவந்துவிட்டது. நீண்டு குறுகிய அதன் வெளிக்களத்தில், வலது மூலையில் சுவர் ஹோம் பிளேட்டிலிருந்து ஏறத்தாழ 258 அடியிலும், இடது மூலையில் 279 அடியிலும் நின்றது. நடுவிலோ ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறைகள் இருந்த கட்டடம்வரை ஏறத்தாழ 480 அடி. ஓரத்தில் மெல்லத் தூக்கிவிட்ட பந்து ஹோம் ரன். நடுவில் முழு பலத்தோடு அடித்த பந்து பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

1954 செப்டம்பர் 29 அன்று, ஆண்டின் சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரின் முதல் ஆட்டம் அங்கே நடந்தபோது இந்த இரண்டும் ஒரே மாலையில் நிகழ்ந்தன. அந்த ஆண்டு 111 வெற்றிகளோடு வந்திருந்த கிளீவ்லாண்ட் அணி, உள்ளூர் அணியான நியூயார்க் ஜயன்ட்ஸை எதிர்த்து ஆடியது. வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் இரண்டுக்கு இரண்டு என்ற சமநிலையில், கிளீவ்லாண்டின் இரண்டு ஓட்டக்காரர்கள் முனைகளில் நிற்க, விக் வெர்ட்ஸ் மைய வெளிக்களத்தை நோக்கி 400 அடிக்கும் மேலாகப் பந்தை அடித்தார். வேறு பல மைதானங்களில் அது சுவரைத் தாண்டியிருக்கும், அல்லது சுவரில் மோதியிருக்கும். இங்கே சுவர் இன்னும் தொலைவில் இருந்தது. ஜயன்ட்ஸின் மைய வெளிக்கள ஆட்டக்காரர் வில்லி மேஸ், ஹோம் பிளேட்டுக்கு முதுகைக் காட்டியபடி ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்துச் சுழன்று எறிந்தார். கிளீவ்லாண்டுக்கு அந்த இன்னிங்ஸில் ஓட்டமே வரவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸின் மாற்று மட்டையாளராக வந்த டஸ்டி ரோட்ஸ், வலது கோட்டையொட்டி ஏறத்தாழ 260 அடி மட்டுமே சென்ற ஒரு பந்தைத் தூக்கினார். அது மாடத்தில் விழ, மூன்று ஓட்டங்களோடு ஆட்டம் முடிந்தது. ஜயன்ட்ஸ் தொடரை நான்குக்குச் சுழியம் என்று வென்றது. மேஸின் அந்தப் பிடிப்பை உலகம் இன்றும் கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அத்தனை தூரம் ஓடிப் பிடிக்க இடம் கொடுத்த மைதானமும் அந்தச் சாதனையில் பங்குடையது. 1964-ல் போலோ கிரவுண்ட்ஸ் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. பாறைச் சரிவிலிருந்து இறங்கும் பழைய படிக்கட்டு ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பாஸ்டனின் ஃபென்வே பார்க், 1912 ஏப்ரல் 20 அன்று முதன்மை லீக்கில், அதாவது அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் பேஸ்பாலில், தன் முதல் ஆட்டத்தைக் கண்டது. டைட்டானிக் மூழ்கி ஐந்து நாள்களே ஆகியிருந்ததால், செய்தித்தாள்களில் அந்தத் திறப்புக்குக் கிடைத்த கவனம் குறைவு. இடது வெளிக்களத்துக்கு நேர் பின்னால் லான்ஸ்டவுன் தெரு ஓடுகிறது. தெரு அங்கே இருந்ததால் களம் அதற்கு மேல் நீள முடியவில்லை. இடது எல்லைக்கோடு முடியும் இடத்திலுள்ள மூலைக் கம்பம் இன்று குறிக்கப்பட்டிருப்பதன்படி 310 அடியிலேயே நிற்கிறது. பணம் கொடுக்காமல் வெளியிலிருந்து பார்ப்பவர்களைத் தடுக்கவும் அங்கே உயரமான சுவர் வேண்டியிருந்தது. தெரு மட்டம் களத்தைவிட உயரமாக இருந்ததால், சுவருக்கு முன்னால் ஏறத்தாழ 10 அடி உயரத்துக்கு ஒரு மண் சரிவும் அமைந்தது. அந்தச் சரிவில் ஏறி ஓடிப் பந்து பிடிப்பதில் டஃபி லூயிஸ் என்ற ஆட்டக்காரர் அபாரத் தேர்ச்சி பெற்றிருந்ததால், அதற்கு ‘டஃபியின் குன்று’ என்றே பெயர் வந்தது. 1934-ல் மைதானம் புதுப்பிக்கப்பட்டபோது சரிவு பெரும்பாலும் சமப்படுத்தப்பட்டு, தகரம் போர்த்திய புதிய சுவர் எழுந்தது. 1947-ல் அதிலிருந்த விளம்பரங்களை அகற்றிப் பச்சை வண்ணம் பூசினார்கள். 37 அடி 2 அங்குலம் உயரமுள்ள அந்தச் சுவரைத்தான் இன்று ‘பச்சை அசுரன்’ என்று அழைக்கிறார்கள்.

இந்தச் சுவர் செய்யும் வேலை நுட்பமானது. தாழ்வாகவும் வேகமாகவும் அடிக்கப்பட்டு வேறு மைதானங்களில் ஹோம் ரன்னாகப் போகக்கூடிய பந்தை இது மறித்து, மட்டையாளரை இரண்டாவது முனையிலேயே, சில சமயம் முதல் முனையிலேயே நிறுத்திவிடுகிறது. அதே வேளையில், மற்ற இடங்களில் எளிதாகப் பிடிபடும் உயரமான பந்து இங்கே சுவரின் உச்சியைத் தாண்டிவிடுகிறது. 1978 அக்டோபர் 2 அன்று, ஒற்றை ஆட்டத்தில் பிரிவுப் பட்டத்தை முடிவுசெய்ய வேண்டியிருந்த நிலையில், நியூயார்க் யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த பந்து அவ்வாறே தாண்டியது. அவர் ஹோம் ரன் அடிப்பவர் என்று பெயர் வாங்கியவரும் அல்லர். அப்போது இடது வெளிக்களத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பாஸ்டனின் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி. சுவரின் எந்தப் பகுதியில் பட்டால் பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதைப் பல ஆண்டுகள் ஆடிப் பழகிக் கற்றுவைத்திருந்தவர் அவர். அந்த அறிவு வேறு எந்த மைதானத்திலும் அவருக்கு உதவியிருக்காது. உள்ளூர் அணிக்கு உண்மையான சாதகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, பார்வையாளர்களின் ஆரவாரத்துக்கு முன்னால் இதைத்தான் காட்டுவேன்.

ஃபென்வேயின் சிறு விந்தைகளும் கவனத்துக்குரியவை. சுவரின் மேல் முன்பு ஒரு வலை இருந்தது. அதில் விழும் பந்துகளை எடுக்கப் பணியாளர்கள் ஏறுவதற்காகச் சுவரில் ஓர் ஏணி பொருத்தப்பட்டது. 2003-ல் வலை போய் இருக்கைகள் வந்தன; ஏணி மட்டும் அங்கேயே இருக்கிறது, ஆட்ட எல்லைக்கு உள்ளேயே. சுவரின் அடியிலுள்ள ஸ்கோர் பலகையில் எண் தகடுகளை இன்றும் மனிதர்களே கையால் மாற்றுகிறார்கள். அதன் வெள்ளைக் கோடுகளில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறியீட்டில், முன்னாள் உரிமையாளர்களான தாமஸ் யாக்கி, ஜீன் யாக்கி இருவரின் பெயர் முதலெழுத்துகள் பதிந்திருக்கின்றன. வலது மாடத்தில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு இருக்கை தனித்துத் தெரியும். 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி சென்று விழுந்ததாகக் கணக்கிடப்பட்ட இடம் அது.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914-ல் திறக்கப்பட்டது. இங்கே விந்தையை உண்டாக்குவது காற்று. மிச்சிகன் ஏரி கிழக்கே நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், ஏரியிலிருந்து உள்நோக்கி வீசும் நாளில் பந்து காற்றில் சிக்கிக் கீழே விழுகிறது. நகரத்திலிருந்து ஏரியை நோக்கி வீசும் நாளில் சாதாரண அடியும் சுவரைத் தாண்டுகிறது. 1979 மே 17 அன்று காற்று வெளிநோக்கி வீச, பிலடெல்பியா அணி பத்து இன்னிங்ஸில் சிகாகோவை 23-க்கு 22 என்று வென்றது. பேஸ்பாலில் ஓர் அணி பத்து ஓட்டம் எடுத்தாலே அது பெரிய எண்ணிக்கை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வெளிக்களத்தின் செங்கல் சுவரில் 1937-ல் அணியில் பணியாற்றிய பில் வீக் நட்ட ஐவி கொடி இன்றும் படர்ந்திருக்கிறது. பந்து இலைகளுக்குள் மறைந்துவிட்டால், களக்காரர் இரு கைகளையும் உயர்த்திக் காட்டுவார். நடுவர் மட்டையாளருக்கு இரண்டு முனைகள் வழங்குவார். அவர் கையைவிட்டுத் தேடத் தொடங்கிவிட்டாலோ ஆட்டம் தொடரும். ஏப்ரலில் கொடி இலையின்றி வறண்டும், ஜூலையில் அடர்ந்தும் இருப்பதால், ஒரே சுவர் பருவத்துக்குப் பருவம் வேறு சுவராகிறது. மின்விளக்கு விஷயத்திலும் ரிக்லி தனித்தே நின்றது. 1935 மே 24 அன்று சின்சினாட்டியில் லீக்கின் முதல் இரவு ஆட்டம் நடந்தது. 1948-க்குள் மற்ற எல்லா அணிகளின் மைதானங்களிலும் விளக்குகள் வந்துவிட்டன. ரிக்லிக்கு வாங்கிய விளக்குச் சாமான்களை பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் உரிமையாளர் போர்ப் பணிக்குக் கொடுத்துவிட்டார். 1988 ஆகஸ்டில்தான் அங்கே விளக்கு எரிந்தது.

சுற்றியிருந்த வீடுகளோடு மைதானங்களுக்கு இருந்த உறவும் தனிக் கதை. பிலடெல்பியாவில் ஷைப் பார்க்கின் வலது சுவருக்கு அப்பால் இருந்த வீட்டுக்காரர்கள் மொட்டை மாடிகளில் இருக்கை போட்டுக் காசு வாங்கினார்கள். 1935-ல் அணி நிர்வாகம் சுவரை ஏறத்தாழ 34 அடிக்கு உயர்த்தி அதை மறைத்தது; ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் ‘வன்மச் சுவர்’. ரிக்லியிலும் அதே மொட்டை மாடி வியாபாரம் நடந்தது. அங்கே நீண்ட சச்சரவுக்குப் பிறகு, வருவாயில் அணிக்குப் பங்கு தருவதென்று 2004-ல் உடன்பாடு ஏற்பட்டது. வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியத்தில், விற்க மறுத்த சில வீடுகளையும் ஒரு பெரிய மரத்தையும் சுற்றிக்கொண்டு மைய வெளிக்களச் சுவர் உள்நோக்கி மடிந்தது. சின்சினாட்டியின் க்ராஸ்லி ஃபீல்டில் பின்னாலிருந்த தெரு உயரமாக இருந்ததால் இடது வெளிக்களம் சுவரை நெருங்கும்போது சரிவாக மேலேறியது. டெட்ராய்டில் மைய வெளிக்களத்தில் ஒரு கொடிக்கம்பமும், பிட்ஸ்பர்க்கில் மட்டையாளர்களின் பயிற்சிக் கூண்டும் களத்துக்கு உள்ளேயே நின்றன. அவ்வளவு தூரம் பந்து வரப்போவதில்லை என்ற நம்பிக்கைதான்.

இவற்றைப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. இந்த மைதானங்களின் பொற்காலம் என்று சொல்லப்படும் ஆண்டுகளில் பெரும்பகுதி, கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அந்தக் களங்களில் லீக் ஆட அனுமதியே இல்லை. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில் ஜாக்கி ராபின்சன் இறங்கியபோதுதான் அந்தத் தடை உடைந்தது. ஃபென்வேயைச் சொந்தமாகக் கொண்ட பாஸ்டன் அணி 1959 வரை ஒரு கறுப்பினத்தவரையும் களமிறக்கவில்லை, லீக்கிலேயே கடைசி அணி அதுதான். அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1910-ல் திறக்கப்பட்ட ரிக்வுட் ஃபீல்டு, அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் தொழில்முறை மைதானங்களில் மிகப் பழையது. வெள்ளையர் அணியும் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் என்ற கறுப்பினத்தவர் அணியும் அங்கே மாறி மாறி ஆடின; கறுப்பினப் பார்வையாளர்கள் வெள்ளையர் ஆட்டங்களின்போது தனியாக ஒதுக்கப்பட்டார்கள். 1948-ல், பதினேழு வயது வில்லி மேஸ் பேரன்ஸுக்காக அங்கே ஆடினார். 2024 ஜூன் 20 அன்று அவரையும் கறுப்பினத்தவர் லீக்குகளையும் சிறப்பிக்கும் வகையில் முதன்மை லீக் ஆட்டம் ஒன்று அங்கே நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு மேஸ் காலமாகியிருந்தார். பழமையை விரும்புவோர் இந்த வரலாற்றையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1950-களில் ரசிகர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள், கார் நிறுத்த இடம் கேட்டார்கள். நகர மனைகளில் அந்த இடம் இல்லை. 1958 ஜூனுக்குப் பின் கட்டப்படும் மைதானங்களில் இரு மூலைகளும் குறைந்தது 325 அடியிலும் மையம் 400 அடியிலும் இருக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் செயின்ட் லூயிஸ், அட்லாண்டா, சின்சினாட்டி, பிட்ஸ்பர்க், பிலடெல்பியா ஆகிய நகரங்களில் அமெரிக்கக் கால்பந்துக்கும் சேர்த்துக் கட்டப்பட்ட வட்ட வடிவ அரங்குகள் வந்தன. எல்லாப் பக்கமும் ஒரே அளவு. பலவற்றில் செயற்கைப் புல். உள்ளே அமர்ந்திருப்பவர் எந்த நகரத்தில் இருக்கிறார் என்பதைக் கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1992-ல் பால்டிமோரில் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ் இந்தப் போக்கைத் திருப்பியது. வலது வெளிக்களத்துக்கு அப்பால் ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள பழைய ரயில்வே கிடங்கை இடிக்காமல் விட்டு, மைதானத்தை அதற்கேற்ப அமைத்தார்கள். சான் டியேகோவில் 1909-ல் கட்டப்பட்ட ஒரு செங்கல் கட்டடத்தின் மூலையே 2004 முதல் இடது எல்லைக் கம்பமாக இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் விரிகுடா நீர் குறுக்கே நிற்பதால் வலது மூலை 309 அடியில் முடிகிறது. இவை பழைய மைதானங்களின் உண்மையான வாரிசுகள். நிலம் சொன்னதைக் கேட்டுக் கட்டப்பட்டவை. ஹூஸ்டனில் 2000-ல் திறந்த மைதானத்தில் மைய வெளிக்களத்தில் செயற்கையாக ஒரு மேட்டை எழுப்பி, அதன்மேல் கொடிக்கம்பத்தையும் நட்டார்கள். சின்சினாட்டியின் சரிவையும் டெட்ராய்டின் கம்பத்தையும் நினைவூட்டும் நல்ல நோக்கம்தான். ஆனால் அங்கே மேட்டுக்குப் பின்னால் உயரமான தெரு எதுவும் இல்லை. ஆட்டக்காரர் தடுக்கி விழுந்தால் ஏன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. 2016 பருவம் முடிந்ததும் அதை அகற்றிவிட்டார்கள்.

பழைய மைதானங்களில் இன்று முதன்மை லீக்கில் தொடர்ந்து ஆடப்படுபவை ஃபென்வேயும் ரிக்லியும் மட்டுமே. ஃபென்வேயை இடித்துப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டும் திட்டம் 1999-ல் அறிவிக்கப்பட்டது. 2002-ல் வந்த புதிய உரிமையாளர்கள் அதைக் கைவிட்டுப் படிப்படியாகப் பழுதுபார்த்தார்கள். 2020-ல் ரிக்லி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் தூண்களுக்குப் பின்னால் அமர்ந்து ஆட்டத்தில் பாதியைப் பார்க்க முடியாமல் போகும் இருக்கைகள் இன்னும் உள்ளன. தூண்களை வெறுமனே குறை என்று தள்ளிவிட முடியாது. மேல்மாடத்தின் எடையை அவை தாங்குவதால்தான் அந்த மாடம் களத்துக்கு அவ்வளவு அருகில், கீழ்மாடத்துக்கு நேர் மேலே அமைய முடிந்தது. புதிய அரங்குகளில் தூண் இல்லை. அதற்காக மேல்மாடத்தைப் பின்னால் தள்ளி, உயரத் தூக்க வேண்டியிருந்தது. அங்கே மலிவான டிக்கெட் வாங்கியவருக்குப் பார்வையில் எந்தத் தடையும் இல்லை, ஆனால் பந்து எறிபவரின் கையிலிருந்து பந்து விலகும் கணத்தை அவரால் சரியாகக் காண முடிவதில்லை. தூணுக்குப் பின்னால் இடம் கிடைக்காத வரையில், பழைய மேல்மாடத்தில் அமர்ந்தவர் அதைத் தெளிவாகவே காண்கிறார்.